கள்ளிப்புதூர் கேட்ட கேள்விகள்

அந்தக் காலத்தில் ஊர்களுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. எல்லா ஊரும் ஒரே அளவு: ஒரு குளம், ஒரு கோட்டைக் கதவு, நூறு வெறும் வீடுகள். மனிதர்கள்தான் இல்லை. மனித வாடை படாத ஊரை அடுத்த மழைக்குள் காடு விழுங்கிவிடும். அது எல்லா ஊருக்கும் தெரியும்.

ஒருநாள் கடல் பொங்கியது. கரையோரத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஏறி வந்தார்கள். முந்நீர்ப்பட்டினம் யோசிக்கவே இல்லை, கதவைத் திறந்துவிட்டாள். அவளிடம் போனவர்கள்தான் அதிகம். இரண்டாவதாகத் திறந்தவளுக்கு அதில் பாதிப் பேர். மூன்றாவதாகத் திறந்தவளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இப்படியே குறைந்துகொண்டு போனது.

கள்ளிப்புதூரின் கதவையும் தட்டினார்கள். நியாயம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "யார் நீங்கள்? எந்த ஊர்? எத்தனை நாள் தங்குவீர்கள்? ஏன் என் கதவைத் தட்டினீர்கள்?" என்று உள்ளிருந்தபடியே கேட்டாள். ஐந்தாவது கேள்விக்கு வாய் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை.

மழைக்காலம் நெருங்கியது. குளக்கரையில் முள் முளைத்தது. பயம் வந்தாலும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். விறுவிறுவென்று பட்டினத்திடம் போனாள்.

"இது என்னக்கா நியாயம்? எல்லாரும் ஒரே அளவில்தானே இருந்தோம்? உனக்கு மட்டும் எதற்கு இத்தனை பேர்?"

பட்டினத்துக்கு மூச்சு வாங்கியது. "நானா கூப்பிட்டேன்? கதவு திறந்திருந்தது, வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். வீட்டுக்கு மூன்று குடும்பம்! என்னால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லையடி. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போயேன், உனக்குப் புண்ணியமாகப் போகும்."

கள்ளிப்புதூர் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. "அடேயப்பா, அந்தக் கேள்விக்காரியா!" என்று சிரித்தார்கள்.

"காடு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் வராவிட்டால் நான் இல்லை" என்றாள்.

இடுப்பில் குழந்தையோடு வெள்ளச்சி என்பவள் எழுந்தாள். "அன்றைக்கு இந்தப் பிள்ளை தாகத்தில் அழுதது. நீயோ 'எந்த ஊர்?' என்று கேட்டாய்."

"இனி முதலில் தண்ணீர். கேள்வியெல்லாம் அப்புறம்."

"அப்புறமும் கேட்பாயா?"

"கேட்காமல் எப்படி இருப்பது?"

வெள்ளச்சி சிரித்துவிட்டாள். "சரி, நட. இங்கே கால் நீட்டவும் இடமில்லை."

பதினொரு குடும்பங்கள் பின்னால் நடந்தன. அதைப் பார்த்து, கதவடைத்திருந்த மற்ற ஊர்களும் வந்து ஐந்தும் பத்துமாகக் கூட்டிப்போயின.

அன்று மாலை பதினொரு அடுப்பு புகைந்தது. காடு பின்வாங்கியது. புகை கண்ணைக் கரிக்க, கள்ளிப்புதூர் பட்டினத்தின் திசை பார்த்துக் கைகூப்பினாள். "நீ திறந்திருக்காவிட்டால் இவர்கள் யாருமே பிழைத்திருக்க மாட்டார்களே அக்கா."

அன்று முதல்தான் நாட்டில் பெரிய நகரம் ஒன்றே ஒன்று, அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது மூன்றில் ஒரு பங்கு என்று போய், கடைசியில் சின்ன ஊர்கள் எண்ணி முடியாமல் இருக்கின்றன. அந்தச் சின்ன ஊர்களில், வாசலில் வந்து நிற்கிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள்.