சேலையில் பூத்த உப்பு

கடலுக்கு ஏழு நாள் நடை தூரத்தில் ஓர் ஊர். அந்த ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி துணி வெளுத்துப் பிழைத்து வந்தாளாம். ஊர் ராசாவுக்குப் பூவலிங்கம் என்று ஒரு மச்சினன். உப்புக் கிடங்குச் சாவி அவன் இடுப்பில். அவன் என்ன செய்தான், கடல் கோபித்துக்கொண்டு உப்புத் தருவதை நிறுத்திவிட்டது என்று ராசாவிடமே புளுகிவிட்டு, வந்த மூட்டையை எல்லாம் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டான். நாள் முழுக்க அவன் வீட்டில் மாடாய் உழைத்தால் ஒரு சிட்டிகை உப்பு. ராசாவும் சப்பென்று சாப்பிட்டார், ராணியும் சப்பென்று சாப்பிட்டாள், அரண்மனை நாய்கூட எலும்பை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஒச்சாயி மகளுக்கு வளைகாப்பு. புளியோதரைக்கு ஒரு கை உப்பு கேட்டுப் போய் நின்றாள்.

"உப்பில்லாமத் தின்னா பிள்ளை சாந்தமாப் பொறக்கும், போ," என்று சிரித்தான் பூவலிங்கம். சிரித்ததோடு விட்டானா, காலிச் சாக்குகளை அலசிப் போடச் சொல்லி அவள் தலையில் கட்டினான்.

சாக்கு அலசிய தண்ணீரை ஒச்சாயி தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நாக்குக்கு மட்டும் தெரிந்தது. உடனே தன் மாற்றுச் சேலையை அதில் முக்கி, சொட்டச் சொட்டக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசல் காவல்காரன் கிளறிப் பார்த்து, ஈரத்துணிதானே, போ என்றான். வீட்டில் அதைப் பானையில் பிழிந்தாள். துவைத்த சேலைதான், முகம் சுளிக்காதீர்கள். மறுநாளும் முக்கினாள், அவன் கிளறினான், இவள் பிழிந்தாள். மூன்றாம் நாள்தான் வினை.

அன்று காவல்காரன் கூடையை வெயிலில் இறக்கச் சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தான். அவன் மென்று துப்புவதற்குள் சேலை காய்ந்து, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துவிட்டது. பூவலிங்கம் வந்து பார்த்தான், தொட்டான், நக்கினான்.

"தண்ணிக்குள்ள ஒளிச்சா கடத்துறே? மொட்டையடிச்சு வெள்ளிக்கிழமை கழுதை மேல ஏத்துறேன். வளைகாப்புக்கு ஊர்வலம் வேண்டாமா?"

அந்நேரம் பார்த்து ஓர் ஆள் ஓடிவந்தான். சப்பென்ற சோறு சலித்துப்போய், ஒரு கல் உப்பாவது தேறுமா என்று ராசாவே கிடங்கைத் துழாவப் புறப்பட்டுவிட்டாராம். உள்ளே மூட்டைகள் கூரையை முட்டி நிற்கின்றன. பூவலிங்கம் சேலையைக் கீழே போட்டுவிட்டு ஒச்சாயி பக்கம் திரும்பினான்.

"ஒச்சாயி, அந்த வித்தையை எனக்கும் செய். மொட்டையும் இல்லை, கழுதையும் இல்லை."

முற்றத்துத் தொட்டியில் கொட்டச் சொன்னாள். குளம் போலத் தொட்டி. முதல் மூட்டை விழுந்தது, கரைந்தது. பத்தாவது விழுந்தது, கரைந்தது. ஐம்பதாவது விழுந்தது, ஒச்சாயி கழியால் கிண்டக் கிண்ட அதுவும் கரைந்தது. அதற்கப்புறம் எவ்வளவு கிண்டியும் கரையவில்லை, கொட்டியது கொட்டியபடி அடியில் போய் உட்கார்ந்தது.

"தண்ணிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல சாமி, நெறைஞ்சிருச்சு," என்றாள்.

யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று மிச்சத்தையும் கவிழ்த்தான் அவன்.

ராசா வந்தார். காலிக் கிடங்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தொட்டியில் என்ன என்று கேட்டார். வெறும் தண்ணீர் என்றான் மச்சினன். தாகத்தில் ராசா குனிய, ஒச்சாயி மெல்லச் சொன்னாள்: "அடியில என்னமோ வெள்ளையாக் கெடக்குது, மகாராசா. மொதல்ல உங்க மச்சினர் குடிச்சுப் பாக்கட்டும்."

பூவலிங்கம் ஒரு மடக்குக் குடித்தான். எப்படி என்றார் ராசா. இளநீர் மாதிரி என்றான், கண் சிவந்தது. இரண்டாம் மடக்கு. எப்படி? தேன் மாதிரி என்றான், மூக்கு ஒழுகியது. மூன்றாம் மடக்கு. எப்படி? வாயைத் திறந்தான், பதில் வரவில்லை, குடித்ததுதான் வந்தது, காலையில் தின்ற ஏழு இட்லியோடு, ராசா காலடியில்.

ராசா விரலை முக்கி நக்கினார். இன்னொரு தரம் நக்கினார்.

"கடலுக்குக் கோபம் தீந்துருச்சு போல," என்றார்.

அந்தத் தொட்டியைப் பூவலிங்கமே குடம் குடமாகச் சுமந்து பாறையில் ஊற்றி, காயவைத்து, பூத்த உப்பைச் சுரண்டி வீடு வீடாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. முதல் கூடை ஒச்சாயி வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை காலை மூச்சிரைக்க வந்து இறக்கினான்.

"உள்ள வாங்க சாமி, ஒரு வாய் புளியோதரை சாப்பிடுங்க," என்று இலை போட்டாள் ஒச்சாயி. "உங்களுக்குன்னு உப்பில்லாமத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மனசு சாந்தமாகும்."

கரைந்தது எதுவும் காணாமல் போவதில்லை, பிள்ளைகளா. தண்ணீர் காய்ந்தது, உப்பு பூத்தது, கதையும் தீர்ந்தது.