முள் பாதியைத் தாண்டும்போது

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி சாலையோரம் ஜலாலின் கடை. கார்களுக்கு ஒயரிங் வேலை. ஜலாலுக்கு முப்பத்தைந்து வயது, அவருடைய சீடர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்து நாலு. மில்லை மூடிய பிறகு தொழில் கற்றுக்கொள்ள வந்தவர். நரைத்த தலை தன்னைவிடச் சின்னவரைப் பார்த்து "உஸ்தாத்" என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். தொழில் தெரிந்தவர்தானே உஸ்தாத்?

அன்றைக்குக் காலையில் பொன்னுரங்கம் மகளின் காரைக் கொண்டுவந்து கடைமுன் நிறுத்தினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உஸ்தாத், இந்த ஃபேனை டைரக்ட் பண்ணிடலாமுங்களா?"

டைரக்ட் என்றால், எஞ்சின் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடுகிற சென்சாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாவி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும், வண்டியை அணைக்கிறவரை நிற்காது. மலையேறுகிற வண்டிக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஓய்வில்லாமல் ஓடி மோட்டார் புகைந்துபோனால் இன்னொன்று மாட்டிக்கொள்வார்கள்.

"எதுக்குங்கண்ணா டைரக்ட்டு?" என்றார் ஜலால்.

"போன வாரம் இன்டர்வியூவுக்குப் போறப்ப, மலை ரோட்டுல குஞ்சப்பனை ஊரைத் தாண்டி ஒரு வளைவுல வண்டி கொதிச்சுப் போச்சுங்க. சென்சார் செத்திருக்குது, ஃபேன் சுத்தவே இல்லை. புள்ள தனியா ரோட்டோரம் நின்னிருக்கா. போன்ல 'ஒண்ணும் இல்லப்பா'ங்கறா. ஒண்ணும் இல்லையாம்! எனக்கு அன்னையில இருந்து தூக்கமே இல்லீங்க."

"நேத்துத்தான் நம்ம கையால புது சென்சார் போட்டமே."

"புதுசும் செத்துப்போனா?"

விஷயம் ஜலாலுக்கும் தெரியும். பொன்னுரங்கத்தின் மகள் சுகந்தி நர்ஸ் படிப்பு முடித்தவள். கோத்தகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அன்றைக்கு மத்தியானம்தான் முதல் டியூட்டி. தினமும் காரிலேயே போய்வருவதாக ஏற்பாடு. அப்பா தானும் கூடவே வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "தினமும் நீங்க காவல் வர்றதா இருந்தா நான் மேல கோத்தகிரியிலயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். அம்மா இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் பொன்னுரங்கம் சுவரோடுதான் பேச வேண்டும்.

"டைரக்ட்டெல்லாம் வேண்டாம்" என்றார் ஜலால். "ஒரு சுவிட்ச் வைங்க. சென்சார் ஒயரை மட்டும் வெட்டிப்போடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்துல இன்னொரு வழி குடுங்க."

பொன்னுரங்கம் உட்கார்ந்து வேலை பார்த்தார். சென்சாரிலிருந்து ஃபேனைப் போடுகிற ரிலேக்குப் போகிற ஒயரில் ஒரு கிளை சேர்த்து, சுவிட்ச் வழியாக எர்த்தில் முடித்தார். சென்சார் சொன்னாலும் ஃபேன் சுற்றும், சுவிட்சைப் போட்டாலும் சுற்றும். வேலை சுத்தமாக இருந்தது.

ஜலால் டிரைவர் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"சுவிட்ச் எங்கண்ணா?"

"அதோ, இருக்குதுங்களே."

பக்கத்து சீட்டுக்கு இடது பக்கம் கதவை ஒட்டி, அங்கே உட்காருகிறவரின் காலடிக்குச் சற்று மேலே இருந்தது சுவிட்ச். ஜலால் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. உடம்பைச் சாய்த்துப் பார்த்தார், அப்போதும் எட்டவில்லை.

"யாருக்குங்க இந்தச் சுவிட்சு?"

"சுகந்திக்குத்தானுங்க."

"அவ கை அவ்வளவு நீளமா?"

பொன்னுரங்கம் சுவிட்சைப் பார்த்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. அதைக் கழற்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே மாற்றி வைத்தார்.

"இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நின்ன எடத்துலயே ஓட விடுங்க" என்றார் ஜலால். "சூட்டு மீட்டர்ல முள் பாதியைத் தாண்டினதும் சென்சாரே ஃபேனைப் போடணும். போடுதான்னு பார்ப்போம். முக்காலுக்கு வந்துட்டா நாம போட்டுக்கலாம். அதுக்கு முந்தி வேண்டாம்."

பொன்னுரங்கம் உள்ளே உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. ஜலால் பானெட்டைத் திறந்து முன்னால் போய் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முள் மெல்ல எழும்பிப் பாதிக்கு வந்தது.

விர்ரென்று ஃபேன் சுற்றியது.

"சென்சாரா, நீங்களா?"

"நான்தானுங்க. கை தானா போயிருச்சு."

சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி காத்திருந்தார்கள். முள் பாதியைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டியது. விர்ர்.

"சென்சாரா, நீங்களா?"

"தாண்டிருச்சுங்களே உஸ்தாத்! அப்படியே ஏறிட்டே போனா என்ன பண்றது?"

"சென்சார் வேலை செய்யுதுங்களா?"

"தெரியலையே."

"எப்படித் தெரியும்? அது போடறதுக்கு முந்தி நீங்க போட்டுடறீங்களே."

அந்த நேரத்தில் சுகந்தி வந்துவிட்டாள். வெள்ளைச் சீருடை, தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"கிளம்பலாங்களா அண்ணா? மணியாச்சு."

"ஒரு சோதனை பாக்கி இருக்குது தங்கச்சி" என்றார் ஜலால். "நீ டிரைவர் சீட்டுல உக்காரு. அப்பா அந்தப் பக்கம் உக்காரட்டும். முள் முக்காலுக்கு வந்தா மட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சுவிட்சைப் போடு."

இடம் மாறினார்கள். இப்போது சுவிட்ச் பொன்னுரங்கத்தின் கைக்கு எட்டாது. ஜலால் மறுபடி ரேடியேட்டருக்கு முன்னால் போய் நின்றார்.

முள் ஏறியது. பாதி.

"போட்டுடு அம்மிணி."

"இருங்கப்பா."

பாதியைத் தாண்டியது. எஞ்சின் சூடு கால்வரைக்கும் அடித்தது. பொன்னுரங்கத்தின் கழுத்தில் வேர்வை ஓடியது. முருகா, முருகா என்று உதடு முணுமுணுத்தது. நமக்கெல்லாம் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்ற பழக்கம் உண்டு. அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, சொன்னாக் கேளு. வண்டி போயிரும்."

"முக்காலுக்கு வந்தா நான் போடறேன்பா. எனக்கும் கண்ணு இருக்குது."

முள் இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒரு மயிரிழை.

விர்ர்ர் என்று ஃபேன் சுற்றியது.

சுகந்தியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. பொன்னுரங்கம் அவள் கைகளைப் பார்த்தார். முள் தயங்கி நின்று, கீழே இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகவே நின்றது.

ஜலால் பானெட்டை மூடினார்.

"அப்பா" என்றாள் சுகந்தி. "கூட வர்றீங்களா, இறங்கறீங்களா?"

பொன்னுரங்கம் பெல்ட்டைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டுடு சாமி."

"போடறேன்பா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

கார் சாலையில் ஏறி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, மலைப்பக்கம் திரும்பி மறைந்தது. பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அது தானாச் சுத்தும்னு உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? எம் புள்ள உள்ள உக்காந்திருக்கா, முள்ளு ஏறிட்டே போகுது. உங்களால மட்டும் எப்படிங்க சும்மா நிக்க முடிஞ்சுது?"

ஜலால் வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினார். உள்ளங்கையில் நான்கு நகங்களும் பதிந்த தடம். ஒரு தடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"சும்மாவா நின்னேன்?" என்றார்.