ராஜாவின் வெற்றிலைத் தட்டு

வெகு காலத்துக்கு முன்னே நீர்வேலி நாட்டைக் கோளரி என்றொரு ராஜா ஆண்டான். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆள் நல்லவன்தான், ஆனால் புகழ்ச்சி என்றால் உச்சி குளிர்ந்துவிடும். வாரம் ஒருமுறை அறிஞர்களைக் கூட்டி, "நாடு எதனால் நிற்கிறது? அறமா, அன்பா, வீரமா?" என்று பேசவிட்டுக் கேட்பான். பேச்சு பிடித்துவிட்டால் பக்கத்துத் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுப்பான். அதனால் அறிஞர்கள் வாய் ஒரு பக்கம் பேச, கண் ராஜாவின் கையிலேயே இருக்கும்.

அவைத்தலைவர் அம்பலவாணப் பண்டிதர் ஒருநாள் அடித்துச் சொன்னார்: "மன்னா, அச்சமே நாட்டின் வேலி! கோட்டை வாசலில் கல் நட்டு அதைப் பொறிக்க வேண்டும்." வெற்றிலை கிடைத்தது. கல்லும் வந்து இறங்கியது.

அந்த வாசலோடு உப்பு வண்டி ஓட்டிப் போன உலகாயி, கல் எதற்கென்று காவலரிடம் கேட்டு, "பயந்தா நாடு நிக்குமா? யாருய்யா சொன்னது?" என்று சிரித்துவிட்டாள். பண்டிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என்ன சொன்னாய்?" என்றான் ராஜா.

"போன ஐப்பசில ஏரி உடைஞ்சு நூறு குடும்பத்து வயலு போச்சே சாமி! கரையில விரிசல் விழுந்தது ஊருக்கே தெரியும். முன்னால ஒருத்தன் கெட்ட சேதி கொண்டாந்ததுக்குச் சவுக்கடி குடுத்தீங்க. அப்புறம் எவன் வந்து சொல்லுவான்? பயம் ஏரியைக் காப்பாத்துச்சா?"

ராஜாவின் முகம் கறுத்தது. "நாளை சபை கூடட்டும். அறிஞர்கள் அச்சமே பெரிது என்றால், நீ வண்டியோடு எல்லை தாண்டிவிட வேண்டும்!"

அமைச்சர் நல்லுடையார் தலை குனிந்து நின்றார். விரிசல் அவருக்கும் தெரிந்திருந்தது. அவரும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் சபை தொடங்கும் முன், வெற்றிலைத் தட்டின் விளிம்பில் அவர் கொஞ்சம் வெல்லப்பாகைத் தடவி வைத்தார்.

பண்டிதர் எழுந்தார். "அச்சமே..." என்று தொடங்கியதும் தட்டில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. ராஜா விரட்டக் கை நீட்டினான். பண்டிதருக்கு உற்சாகம்! "அச்சமே அறம்! அச்சமே வேலி!" ஈ பறந்தது, கை திரும்பியது. பண்டிதருக்கு வியர்த்தது. "ஆனால்... வேலியே பயிரை மேய்ந்தால்?" ஈ மறுபடி வந்தது, கையும் நீண்டது. "ஆகவே அச்சம் நாட்டுக்குக் கேடு!" கை திரும்பியது. "என்று சொல்பவன் மூடன்!" இரண்டு ஈக்கள் சேர்ந்து வந்தன, கை நீண்டு நீண்டு திரும்பியது. "மூடன் என்று சொல்பவனே பெரிய மூடன்!" மற்ற அறிஞர்களும் ஒவ்வொரு தடவையும், "ஆமாம், ஆமாம்!" என்றார்கள்.

ராஜா திகைத்துப்போனான். "பண்டிதரே, உடம்புக்கு என்ன?"

நல்லுடையார் முன்னே வந்தார். "பண்டிதர் தங்கள் கையைப் பார்த்துப் பேசுகிறார் மன்னா. தங்கள் கையோ ஈயின் பின்னால் போகிறது. இன்று நம் நாட்டுக்கு அறம் வகுத்தது அந்த ஈதான். பாகு தடவியவன் நான். ஏரிக்கரை விரிசலைத் தெரிந்தும் சொல்லாதவனும் நான்தான். இரண்டுக்கும் சேர்த்துத் தண்டியுங்கள்."

ராஜா பாகு ஒட்டிய தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஓரமாக நின்ற உலகாயியிடம், "நீ மட்டும் ஏன் பேச்சை மாற்றவில்லை?" என்றான்.

"நான் உங்க கையை எங்க பாத்தேன்? நேத்தும் சரி, இன்னிக்கும் சரி, மாட்டை வெயில்ல கட்டிட்டு வந்திருக்கேன். கண்ணெல்லாம் வாசல்லதான் இருக்கு."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சட்டென்று எழுந்து முழங்கினான்: "இன்று முதல் இந்த நாட்டில் எல்லோரும் அச்சமின்றிப் பேச வேண்டும். பேசாதவனுக்குச் சவுக்கடி!"

"ஆகா, என்ன ஞானம்!" என்றது சபை.

"பயப்படாம பேசச் சொல்லிப் பயமுறுத்துறீங்களே சாமி!" என்றாள் உலகாயி.

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சவுக்கைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே அறுத்துப் போட்டான். அமைச்சரைத் தண்டிக்கவில்லை. "இனி அறிஞர்கள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசட்டும். பண்டிதரே, நீர்தான் முதலில்!" என்றான். பண்டிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அரை நாழிகை வரை பேச அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை, பாவம்.

"அந்தக் கல்லில் என்ன பொறிக்கலாம், சொல்லம்மா" என்று உலகாயியைக் கேட்டான் ராஜா.

"ஒண்ணும் பொறிக்க வேணாம். ஏரி உடைப்பை இன்னும் மண்ணு போட்டுத்தான் அடைச்சு வச்சிருக்காங்க. கல்லைக் கரைக்குக் குடுங்க, ஆகும்."

அடுத்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. கரையில் விரல் அகலம் விரிசல் கண்டதுமே, மூன்று பேர் மூன்று தெருவிலிருந்து அரண்மனைக்கு ஓடி வந்தார்கள். ராஜா நனைந்துகொண்டே வாசலில் நின்று மூவருக்கும் வெற்றிலை கொடுத்தான். ஊரே கூடி விரிசலை அடைத்தது. ஏரி நின்றது.