இளமாறன் காடு

இந்தக் கதையில் திருடன் இல்லை, பகையாளியும் இல்லை. வருகிற எல்லோரும் நல்லவர்கள்தான். அதனாலேயே இதற்குத் தீர்ப்புச் சொல்வது லேசில்லை. கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

பழனி மலையின் மேல்தட்டில் தேன்பாறை என்றொரு ஊர். ஊருக்கு மேலே பெரிய புல்மேடு. அதில் மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இடுப்பளவு புல்லும் அதன்மேல் இறங்கும் பனியும்தான். மேட்டின் மறுபக்க அடிவாரத்தில் ஓர் ஊற்று. ஊர் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான், ஊர்ப் பூண்டு விளைந்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் மங்கையர்க்கரசி. அவளுக்கும் குழந்தைவேலுவுக்கும் ஒரே மகன், இளமாறன். கல்லூரி விடுமுறைக்கு வரும் வழியில் ஜீப் கவிழ்ந்து அவன் போய்விட்டான். அதன்பிறகு அரசி பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கும் போகவில்லை.

அந்தச் சமயத்தில் மரம் நடும் அமைப்பு ஒன்று கீழ்நாட்டிலிருந்து வந்தது. "இவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறதே" என்று புல்மேட்டைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். சீக்கிரம் வளரும் என்று, வாட்டில் எனப்படும் வெளிநாட்டுச் சீகை மரக் கன்றுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரார் ஒன்று யோசித்தார்கள். இளமாறன் பேரில் நடலாமே, டீச்சர் மனசு கொஞ்சம் ஆறும். வீட்டுக்கு ஒரு கன்று என்று ஆரம்பித்து மேடு முழுக்க நட்டார்கள். முதல் கன்றைத் தகப்பன் நட்டான்.

அவர்கள் நினைத்தது வீண்போகவில்லை. கன்றுகளைப் பார்க்கப் போகத் தொடங்கிய அரசி, கொஞ்ச நாளில் பேச ஆரம்பித்தாள். மறுபடி பள்ளிக்கு வந்தாள். மாலையானால் மேட்டுக்குப் போய்ச் சீகையின் மஞ்சள் பூவுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஊர் அதை இளமாறன் காடு என்றே சொன்னது.

மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு ஊற்று இளைத்தது. முதலில் மாசியில் மட்டும் வற்றியது. பிறகு தையிலேயே வற்றியது. மழையையும் பனியையும் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விட்ட புல் செத்துப்போயிருந்தது. விழுந்த ஈரத்தையெல்லாம் சீகையே குடித்தது. ஊரில் எல்லோருக்கும் இது புரிந்தது, அரசியைத் தவிர. ஊரார் யாரும் அதை அவள் காதில் போடவில்லை. அவளுக்குப் புரியாதபடி பார்த்துக்கொண்டவள் நாத்தனார் தவமணி. பக்கத்து வீட்டுக்காரி. விடியுமுன் வெகு கீழே இருக்கும் ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்து, தன் வீட்டுக்கு முன் அண்ணன் வீட்டுக் குடங்களை நிறைத்துவிடுவாள். அரசி கேட்டால், "ஊத்துத் தண்ணிதான் மதினி. நான் எப்படியும் போறேன், சேத்து எடுத்தாந்தேன்" என்பாள். வருடக்கணக்காக அப்படியே சொன்னாள்.

சடையப்பன் பூண்டு விவசாயி. ஊற்றை நம்பியிருந்த அவன் வயல் தரிசாகி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை தூக்கப் போவதென்று முடிவானது. கிளம்புகிற அன்று பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், மனசுல வச்சுக்கிட்டே போக முடியல. உங்க பையன் பேர்ல வச்ச மரம் ஊத்தக் குடிச்சிருச்சு. நட்ட அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பல. உங்க மொகத்தப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன்."

அரசி நேராக ஊற்றுக்குப் போய்ப் பார்த்தாள். ஊற்று நீர் விழும் தொட்டிக்குள் சருகு கிடந்தது. வீட்டுக்கு வந்து நிறைந்திருந்த குடங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மேட்டுக்கும் போகவில்லை.

குழந்தைவேலு அவளிடம் எதுவும் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ரம்பத்தோடு மேட்டுக்கு ஏறினான். பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் காதில் மரம் சாயும் சத்தம் விழுந்தது. மூச்சு வாங்க ஏறிப் போனாள். பாதி மேடு விழுந்து கிடந்தது.

"உன்னைக் கேட்டா நீ என்னன்னு சொல்லுவ அரசி? வெட்டுன்னு சொன்னாலும் பாவம், வேண்டாம்னாலும் பாவம். அந்தப் பாவம் என்னோட போகட்டும்" என்றான் குழந்தைவேலு.

"நான் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். அவனுக்கு அம்மாவா நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களே" என்றாள்.

மீதி மரங்களும் விழுந்தன. மழை வந்தது. ஆனால் புல் வரவில்லை. இத்தனை வருடம் உதிர்ந்து மண்ணுக்குள் கிடந்த சீகை விதைகள், மேலே வெயில் பட்டதும் பாத்தியில் கொத்தமல்லி முளைப்பதுபோல் நெருக்கமாக முளைத்தன. அரசி தினமும் மாலையில் போய் அவற்றைப் பிடுங்கிப் போட்டாள். தவமணியும் குழந்தைவேலுவும் இரண்டு பக்கமும் குனிந்து பிடுங்கினார்கள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் தளிர்த்தது.

பொய் சொல்லி அவளைக் காப்பாற்றியவள் தவமணி. உண்மையைச் சொல்லி நோகவைத்தவன் சடையப்பன். கேட்காமலே வெட்டிப் பழியை ஏற்றவன் குழந்தைவேலு. இந்த மூவரில் அரசிக்குச் சரியானதைச் செய்தவர் யார்?

விடை: சடையப்பன்தான் என்பேன். அவள் தாங்குவாள் என்று அவளை நம்பிப் பேசியவன் அவன் ஒருவனே. மற்ற இருவரும் அவளைத் தாங்காதவள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனாலும் அவனை முழுதாகப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. கன்றுகள் முழங்கால் உயரம் இருந்தபோது அவன் சொல்லியிருந்தால், அரசி ஒரு பாட்டம் அழுதிருப்பாள். பிறகு ஊரே சேர்ந்து ஒரு மாலையில் கையாலேயே பிடுங்கியிருக்கலாம். சீகை விதை ஒரு தலைமுறைக்கும் மேல் மண்ணில் சாகாமல் கிடக்கும் என்கிறார்கள். அரசிக்கு அதுவும் தெரியும். தெரிந்துதான் இன்றைக்கும் மேட்டுக்கு ஏறியிருக்கிறாள்.