பாதியில் சாத்திய ஜன்னல்

சினிமாப் பாட்டையும் இலக்கியமாக ஆராயவேண்டும் என்று கேட்டதால், தமிழ்ப் பேராசிரியை அமலோற்பவத்தின் வேலையே ஆட்டம் கண்டிருந்தது.

"படித்தவர் மனசில் அதெல்லாம் ஒட்டாதும்மா. ஒட்டும் என்றால் இப்போதே காட்டுங்கள். ஆனால் ஒரு வரிகூடப் பாடக்கூடாது," என்றார், அதை விசாரிக்கக் கூடிய கூட்டத்தில் துறைத்தலைவர் தில்லைநாயகம்.

அமலோற்பவம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். எதிர் டீக்கடையிலிருந்து பழைய பாட்டு ஒன்று மழைச்சாரலோடு மிதந்து வந்து அறையை நிறைத்தது. மேஜையைச் சுற்றி இருந்தவர்களின் கண்கள் சொக்கின. எதற்காகக் கூடினோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. சரணத்தின் நடுவில் அவள் மெல்ல ஜன்னலைச் சாத்தினாள்.

பாட்டு நிற்கவில்லை. கண்ணை மூடியபடி மிச்சத்தைத் தில்லைநாயகம் பாடிக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு அவர் கண் திறந்தபோது, எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒரு வரிகூடப் பாடவில்லையே, ஐயா," என்றாள் அமலோற்பவம்.