மூன்று வருடப் பயிற்சி

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் எஸ்தர் சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. எந்த மாணவிக்கு அவ்வளவு துணிச்சல் வரும்?

மூளை அறுவைப் பயிற்சியை மதிப்பிட வெளியூர்க் குழு வந்திருந்தது. பெரிய டாக்டர் தயாபரன், பொம்மை மண்டையோட்டையும் அதில் துளை போடும் டிரில்லையும் மேசையில் வைத்தார்.

"பூங்கோதை, மூணு வருஷமா நான் கத்துக்கொடுத்ததை அப்படியே செஞ்சு காட்டும்மா. தப்பு பண்ணினா ஃபெயில்தான்."

பயிற்சி மாணவி பூங்கோதை கையுறை மாட்டினாள். டிரில்லைத் தொடவில்லை. தயாபரனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, நுனிக்காலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"இதைத்தான் சார் கத்துக்கொடுத்தீங்க."

குழுத்தலைவர் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணு பாஸ். ஃபெயிலானது உங்க பயிற்சிதான், டாக்டர்."

போன வாரம்தான் எஸ்தரிடம் கேட்டேன்: "சரி சிஸ்டர், மறுநாள் டிரில்லை அவ கையில கொடுத்தாரா?"

"கொடுத்தார், அன்னைக்கு பின்னால நின்னு எட்டிப் பார்த்தது அவர்தான்" என்றார் எஸ்தர்.