ஜூனோ நின்ற வாசல்

அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இருக்கிறது. கார் கிடையாது, வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. எங்கே போனாலும் குதிரை வண்டிதான். அதற்காக இயந்திரமே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். சில ஊர்களில் டிராக்டர்கூட வைத்திருப்பார்கள். அதைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்தித் தீவனம் அரைப்பார்கள், தண்ணீர் இறைப்பார்கள். சக்கரம் மட்டும் இரும்பாக இருக்க வேண்டும். ரப்பர் டயர் மாட்டினால் அது ரோட்டில் ஓடும். ரோட்டில் ஓடினால் டவுனுக்குப் போகும். டவுனுக்கு ஓடுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனை மறந்துவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

அப்படி ஒரு ஊரில் அப்னர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. டீசல் எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். அந்த வருஷம் ஏப்ரலில் அவர் போதகர் ஆனார். படித்து ஆகவில்லை. அங்கே சீட்டுதான். சபையார் பேர் சொன்ன ஆட்களுக்கு முன்னால் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் வைப்பார்கள். எவர் எடுத்த புத்தகத்தில் சீட்டு இருக்கிறதோ அவர் ஆயுசுக்கும் போதகர். சீட்டைப் பார்த்ததும் மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

அவருக்குக் குருவாக வாய்த்தவர் பிஷப் எனோஸ். அவரும் சீட்டில் வந்தவர்தான். சீடரைவிடப் பதினொரு வயது இளையவர். அவர் வாயிலிருந்து ஒரு பதிலை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

போதகரான அடுத்த மாதமே அப்னர் ஒரு காரியம் செய்தார். பக்கத்துப் பண்ணை ஓபேத் தன் டிராக்டருக்கு ரப்பர் டயர் மாட்டியிருந்தது அவர் கண்ணில் பட்டது. நேரே பிஷப்பிடம் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் எழுந்து சொன்னார். ஓபேத் எல்லார் முன்னாலும் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரத்தையே மாட்டினார். அதோடு அப்னரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அக்டோபர் வந்தது. வருகிற ஞாயிறு சபை கூடும். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்கள். "எல்லாரோடும் சமாதானமா?" ஒரே ஒருவர் 'இல்லை' என்றாலும் போச்சு, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து ஊருக்கே தள்ளிப்போகும். திருவிருந்து முடியாமல் கல்யாணம் எதையும் சபையில் அறிவிக்க மாட்டார்கள். அப்னரின் மகள் சலோமி அந்த அறிவிப்புக்குத்தான் காத்திருந்தாள். விஷயம் ரகசியம். ஆனால் அவர்கள் ஊரில் செலரி என்கிற கீரைத்தண்டு இல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. தோட்டத்தில் முன்னூறு செலரிச் செடியை நட்டுவைத்துவிட்டு ரகசியம் என்றால் எவன் நம்புவான்? போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலையில் அப்னர் பிஷப் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"என் குதிரைக்குக் கால் வீங்கிடுச்சு, எனோஸ். டவுன்ல ஒரு எஞ்சின் பாகம் வாங்கணும். உங்க ஜூனோவைக் கொடுப்பீங்களா?"

அந்த ஊரில் பிஷப்பையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் எனோஸ். அவரே ஜூனோவைக் கொண்டுவந்து வண்டியில் பூட்ட ஆரம்பித்தார்.

அப்னர் வண்டிப் பக்கத்திலேயே நின்றார். "நாளைக்கு ஓபேத் இல்லைன்னுதான் சொல்லுவார்."

"சொல்லலாம்."

"என் பொண்ணு கல்யாணம் நின்னுடும், எனோஸ்."

"ஆமா."

"நான் செஞ்சதுல என்ன தப்பு? அவர் மாட்டினது ரப்பர் டயர்தானே?"

"ரப்பர்தான்."

"நான் பொய் சொன்னேனா?"

"இல்லை."

"அப்ப நான் எதுக்கு அவர் வாசல்ல போய் நிக்கணும்? நீங்களே சொல்லுங்க."

எனோஸ் சேணத்தின் வாரை இழுத்து இறுக்கினார். "செலரி நல்லா வந்திருக்கா?"

அப்னருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பழுதான எஞ்சினைத் தட்டினாகூட ஏதாவது சத்தம் வரும்," என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

"சவுக்கை மட்டும் இங்கேயே வெச்சிட்டுப் போங்க," என்றார் எனோஸ்.

ஜூனோ ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய குதிரை. மண் பாதையில் சிட்டாய்ப் பறந்தது. பாலம் தாண்டியது, பள்ளிக்கூடம் தாண்டியது. ஓபேத்தின் பண்ணை வந்ததும் தானாக வேகத்தைக் குறைத்தது. அப்னர் சுதாரிப்பதற்குள் வாசலுக்குள் திரும்பி, வால்நட் மரத்தடியில் போய் நின்றுவிட்டது.

"ஏய், இங்க எங்க வந்தே? போ, போ!"

கடிவாள வாரை உதறினார். ஜூனோ காதை மட்டும் ஆட்டியது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக்கொண்டு, ரொம்ப நேரம் ஆகும் என்று தெரிந்த மாதிரி கண்ணை மூடியது.

அப்னர் கீழே பார்த்தார். தேய்மானத்தைத் தடவியே ஒரு எஞ்சின் எத்தனை மாதம் ஓடியது என்று சொல்லக்கூடியவர் அவர். மரத்தடியில் குளம்பு பட்டுப் பட்டு மண் குழிந்திருந்தது. வண்டிச் சக்கரம் நிற்கிற இடத்தில் இரண்டு பள்ளம், ஒரு சாண் ஆழம். குதிரையின் வாய் எட்டும் உயரத்தில் மரப்பட்டை மழுங்கிக் கிடந்தது. ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை இது. மாதக்கணக்கில் ஒரே வண்டி ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. அப்னருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கும் இதைச் சொல்லும்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது.

ஓபேத் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். முதுகு வலிக்காரர், குனிந்தபடியே நடப்பார்.

"என்னடி, இன்னிக்குக் காலையிலேயே வந்துட்டே?" என்று குதிரையைக் கொஞ்சிக்கொண்டே நிமிர்ந்தார். வண்டியில் இருந்தது அப்னர். ஓபேத்தின் முகம் இறுகியது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் வரலை. குதிரை நின்னுடுச்சு."

ஓபேத் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை, குபீரென்று சிரித்துவிட்டார். அப்புறம் வாளியைக் குதிரைக்கு வைத்தார்.

"நிக்கத்தான் செய்யும். ஜூன் மாசத்திலேர்ந்து பிஷப் தினம் வர்றார். மழை பெஞ்சாலும் வருவார். அரை மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். இறங்க மாட்டார். என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பார். போயிடுவார்."

"ஒண்ணுமே பேசினதில்லையா?"

"ஒரு வார்த்தை இல்லை."

ஓபேத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ரப்பர் மாட்டினது என் தப்புதான். இரும்புச் சக்கரம் குலுக்குற குலுக்கல்ல என் முதுகு போயிடுச்சு, அதனால மாட்டினேன். அதுக்கு மண்டி போட்டதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா அன்னிக்கு நீங்க பிஷப் வீட்டுக்குப் போனீங்களே, இந்த வாசலைத் தாண்டித்தானே உங்க வண்டி போச்சு? நான் இதே மரத்தடியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். கையைக்கூடத் தூக்கினேன். நீங்க நிக்கலை. நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அப்பவே கழட்டிப் போட்டிருப்பேன்."

அப்னருக்கு அது ஞாபகம் இருந்தது. தூக்கிய கையைப் பார்த்ததுகூட ஞாபகம் இருந்தது. வண்டியிலிருந்து இறங்கினார். அந்தக் குழிந்த மண்ணிலேயே முழங்காலிட்டார்.

"முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கணும், ஓபேத். பார்த்துட்டே போனேன். மன்னிச்சிடுங்க."

"அட, எழுந்திருங்க. குதிரை மிதிச்சிடப்போகுது," என்றார் ஓபேத். சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பிடித்த கையை விடவும் இல்லை.

"நாளைக்கு என்னைக் கேட்டா சமாதானம்னுதான் சொல்லுவேன். போய் உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அப்னர் டவுனுக்குப் போகவில்லை. வண்டியை நேரே பிஷப் வீட்டுக்குத் திருப்பினார். எனோஸ் சோளக் கதிர்களை உரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா அங்க போய் உட்கார்ந்திருக்கீங்க," என்றார் அப்னர்.

"ஆமா."

"நீங்க பிஷப். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓபேத் உங்க பேச்சைத் தட்டியிருக்க மாட்டாரே."

"தட்டியிருக்க மாட்டார். நாளைக்கு எனக்காகச் சமாதானம்னு சொல்லியிருப்பார்."

"என்கிட்டயாவது போன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா போயிருப்பீங்களா?"

அப்னர் நேர்மையான ஆள். "மாட்டேன்."

எனோஸ் இன்னொரு கதிரை எடுத்தார்.

"அப்ப தினமும் அங்க போய் என்னதான் செஞ்சீங்க?"

"குதிரைக்கு வழி பழக்கினேன்."

அப்னர் ஜூனோவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கேட்டார்.

"நான் இந்தக் குதிரையைக் கேட்டு என்னிக்கு வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் எனோஸ். "அதனாலதான் தினமும் போனேன்."